முகம் காட்டாத உருவப்படம்

உருவப்படம் என்றவுடன் முகமே நம் நினைவுக்கு வரும். ஆனால், முகத்தைக் காட்டாமலேயே ஒருவரின் தனிமையை உணர்த்த முடியும் என்பதற்குச் சான்றாக ஓர் ஓவியம் விளங்குகிறது. பிரான்சு நாட்டு ஓவியர் குஸ்தாவ் கய்போத் 1876ஆம் ஆண்டு தீட்டிய ‘சன்னலருகே இளைஞன்’ என்பதே அவ்வோவியம்.

பாரிசு நகரில் ஒரு மாளிகையின் மேல்தளம். திறந்த சன்னலின் முன் இளைஞன் ஒருவன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். கைகள் சட்டைப்பைக்குள் அல்ல, காற்சட்டைப் பைகளுக்குள் உள்ளன. அவனுக்குப் பின்னே சிவப்பு நாற்காலி ஒன்று வெறுமையாக இருக்கிறது. கீழே வெயில் படர்ந்த தெருவில் ஒரு பெண் தனியே நடக்கிறாள். அறைக்குள் நிழல், வெளியே ஒளி. இரண்டுக்கும் இடையே அவன் நிற்கிறான். அவன் என்ன எண்ணுகிறான் என்பதை நிற்கும் தோற்றத்தைக் கொண்டே நாம் உய்த்துணர வேண்டும்.

கண்ணில் பட்ட ஒளியையும் அன்றாட வாழ்வையும் தீட்டிய இம்பிரெஷனிச ஓவியர்கள், அதே ஆண்டில் தங்களது இரண்டாம் கண்காட்சியை நடத்தினர். இவ்வோவியம் அங்கே வைக்கப்பட்டது. எழுத்தாளர் எமில் சோலா, கய்போத்தின் ஓவியங்களில் துல்லியம் மிகுந்து கலைத்தன்மை குன்றியுள்ளதாகக் குறை கூறினார்.

சன்னலருகே நிற்பவர் ஓவியரின் தம்பி ரெனே. கண்காட்சி முடிந்த சில மாதங்களில், தம் 25ஆம் வயதில் அவர் இறந்தார். தமக்கும் வாழ்நாள் குறுகியதாகலாம் என அஞ்சிய கய்போத், 28 வயதிலேயே உயில் எழுதினார். மோனே, ரெனுவார், பிசாரோ முதலிய நண்பர்களிடமிருந்து தாம் வாங்கிச் சேர்த்த ஓவியங்களை அரசுக்கு வழங்கினார். அவை மக்கள் காணும் அருங்காட்சியகத்தில் இடம்பெற வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

கய்போத் 1894இல் மறைந்தார். அவ்வோவியங்களை ஏற்பதா என்று பெரும் விவாதம் எழுந்தது. இறுதியில் அரசு ஏறத்தாழ 40 ஓவியங்களை ஏற்றது. இன்று அவற்றைப் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் காணலாம். தம்பியின் ஓவியமோ 2021 முதல் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. தம்பியை இழந்த ஒருவரின் துயரம், உலகிற்கு ஒரு கலைச்செல்வத்தைக் காத்துத் தந்தது.

சிந்தித்து விடை எழுதுக:
1. இளைஞனின் தனிமையை ஓவியர் எவ்வாறு உணர்த்துகிறார்?
2. கய்போத் இளம் வயதிலேயே உயில் எழுதியதன் காரணம் யாது?