சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய்

ஒரு மாதத்துக்குள் கணவன் வீட்டுக்குப் போக வேண்டும். மறுத்தால் ஆறு மாதம் சிறை. 1887 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஃபாரன் இப்படி உத்தரவிட்டபோது ருக்மாபாய்க்கு 22 வயது. சிறைக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

சமூகச் சீர்திருத்தம் என்றதும் ராம்மோகன் ராய், வித்யாசாகர், ரானடே என்று ஆண்களின் பெயர்களே வரிசையாக வருகின்றன. பெரியவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் குழந்தைத் திருமணத்தை மாநாட்டுப் பேச்சிலிருந்து இழுத்துவந்து நீதிமன்றத்தில் நிறுத்தியது இந்தப் பெண்ணின் பிடிவாதம்.

ருக்மாபாய் தச்சர் குலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்தார். அவர்கள் சாதியில் மறுமணத்துக்குத் தடை இல்லாததால், தாய் ஜெயந்திபாய், சகாராம் அர்ஜுன் என்ற டாக்டரை மணந்தார். பதினொரு வயதில் ருக்மாபாய்க்கும் கல்யாணம். மாப்பிள்ளை தாதாஜி பிகாஜிக்கு 19. பெண் தாய்வீட்டிலேயே இருந்து படித்தாள். மாப்பிள்ளையோ படிப்பை விட்டுவிட்டு தன் தாய்மாமா வீட்டில் தங்கிவிட்டார். பெண் பெயரில் சொத்தும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

1884-ல் தாதாஜி சேர்ந்து வாழக் கோரி வழக்குப் போட்டார். மறு ஆண்டு நீதிபதி பின்ஹே அதைத் தள்ளுபடி செய்தார். விவரம் அறியாத வயதில் கட்டிவைக்கப்பட்டவளை, வளர்ந்த பிறகு விருப்பமில்லாமல் அனுப்பிவைக்க முடியாது என்பது அவர் நிலை. இப்படி ஒரு வழக்குக்கு இந்து தர்ம சாஸ்திரத்தில் இடமே இல்லை என்பதும் பேசப்பட்டது. உண்மையில் அது இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களிலிருந்து வந்த சரக்கு. தாதாஜி வழக்குப் போட்ட அதே 1884-ல், இதற்கான சிறைத் தண்டனையை இங்கிலாந்து தன் நாட்டில் ஒழித்துவிட்டது. அங்கே கழித்துக்கட்டியதை இங்கே ஒரு பெண்ணின் தலையில் கட்டப் பார்த்தார்கள். மேல்முறையீட்டில் தாதாஜி பக்கம் காற்று திரும்பியது. அதன் பிறகு வந்ததுதான் ஃபாரனின் உத்தரவு.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடும்ப விஷயத்தில் வெள்ளைக்காரன் தலையிடக் கூடாது என்றவர்களுக்கு இந்த வெள்ளைக்காரச் சட்டம் இனித்தது. திலகரின் பத்திரிகைகள் ருக்மாபாய்க்கு எதிராக எழுதின. ருக்மாபாயும் சும்மா இருக்கவில்லை. 1885-லேயே 'ஓர் இந்துப் பெண்' என்ற பெயரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்குக் கடிதங்கள் எழுதி, குழந்தைத் திருமணம் பெண்ணின் படிப்பையும் வாழ்வையும் எப்படி முடக்குகிறது என்று விளக்கினார்.

கடைசியில் 1888-ல் சமரசம். தாதாஜி 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு விலகினார். சட்டத்தில் ருக்மாபாய் ஜெயிக்கவில்லை. விடுதலையை விலைகொடுத்துத்தான் வாங்கினார்.

ஆனால் அவர் கிளப்பிய விவாதம் அடங்கவில்லை. கல்கத்தாவில் ஃபூல்மோனி என்ற சிறுமி முதிர்ந்த கணவனின் வன்புணர்வால் இறந்தாள். அவள் பத்து வயதைத் தாண்டியிருந்ததால் அது சட்டப்படி பலாத்காரம் ஆகவில்லை. ஓராண்டுக் கடுங்காவலோடு அவன் தப்பினான். 1891-ல் சம்மத வயது 10-லிருந்து 12 ஆக உயர்ந்தது. அந்த இரண்டு வயதுக்கே மதம் போச்சு என்று கூக்குரல்.

ருக்மாபாய் 1889-ல் லண்டன் போய் டாக்டருக்குப் படித்தார். திரும்பிவந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். 1904-ல் தாதாஜி இறந்த செய்தி வந்ததும் வெள்ளைப் புடவைக்கு மாறினார் என்கிறார்கள். அதை முரண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதை உடுத்துவது என்பதும் அவர் இஷ்டம்தானே.

அவர் மறைந்தது 1955 செப்டம்பரில். அதே ஆண்டு மே மாதம் வந்த இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவு, விலகிப்போன துணையைச் சேர்ந்து வாழ வரச்சொல்லி வழக்குத் தொடர இன்றும் இடம் தருகிறது. 1983-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சேர்ந்து வாழ மறுப்பதற்கான சிறைத் தண்டனை 1923-லேயே போய்விட்டது. பிரிவையும் நாடாளுமன்றம் நீக்கிவிடலாம்.