மென்பொருளும் சோதனை நெறியும்

அறிஞர் கூறினர் என்பதனாலோ, கேட்பதற்குப் பொருத்தமாக உளது என்பதனாலோ ஒரு கூற்று மெய்யாகிவிடாது. அதனைச் சோதித்து அறிதல் வேண்டும். இயற்கை நூல்களில் இவ்வுண்மையை மறுப்பார் இலர். மனிதன் தானே இயற்றும் மென்பொருளுக்கும் இது பொருந்துமோ எனின், பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கப் புகுகின்றோம்.

வானூர்தி முதலியவற்றை இயக்கும் மென்பொருளிற் பிழை நேரின் உயிர்ச்சேதம் விளையக்கூடும். அதனைத் தடுக்க அறிஞர் ஒரு வழி கண்டனர். கணிப்பொறிக்குரிய கட்டளைத் தொகுதியாகிய நிரலை, ஒரே பணிக்குப் பலர் தனித்தனியே எழுதுவர். அந்நிரல்கள் யாவும் ஒருங்கே இயங்கும். அவற்றுட் பெரும்பான்மையானவை தரும் விடையே கொள்ளப்படும். ஆயிரத்தில் ஒரு முறை தவறும் இரு நிரல்கள், தம்முள் தொடர்பின்றித் தவறுமாயின், இரண்டும் ஒருங்கே தவறுவது பத்து இலட்சத்தில் ஒரு முறையே அன்றோ? இக்கணக்கிற் குற்றமில்லை. ஆயின், தொடர்பின்றித் தவறும் என்பதை எவ்வாறு அறிவது?

அறிஞராகிய ஜான் நைட், நான்சி லெவசன் என்னும் இருவர் அதனைச் சோதித்தனர். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலும் பயின்ற மாணவர், ஒரே பணிக்கு 27 நிரல்களைத் தனித்தனியே எழுதினர். ஒவ்வொன்றும் பத்து இலட்சம் முறை சோதிக்கப்பட்டது. முடிவு 1986-இல் வெளியாயிற்று. தனித்தனியே நோக்கின் அந்நிரல்கள் மிக நல்லனவே. ஆறு நிரல்கள் ஒருமுறையேனும் தவறவில்லை. எனினும், ஒன்றுக்கு மேற்பட்டவை ஒருங்கே தவறிய சோதனைகள் 1,255. சிற்சில சோதனைகளில் எட்டு நிரல்கள் வரை ஒருங்கே தவறின. தொடர்பின்மை என்னும் கொள்கை அங்கு நிலைபெறவில்லை. ஒருவர்க்கு இடர்ப்பாடான இடம் பிறர்க்கும் இடர்ப்பாடாதல் இயல்பு என்பது புலனாயிற்று.

இதனால் அவ்வழி முற்றும் பயனற்றது என்பது எம் கருத்தன்று. கணக்கு உறுதிகூறிய அத்துணைக் காவலை அஃது அளியாது என்பதே பெறப்படும். மாணவர் எழுதிய நிரல்களைக்கொண்டு தொழில்வல்லார் நிரல்களை அளக்கலாமோ எனச் சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே, அதற்கும் விடை தருவது மற்றொரு சோதனையேயன்றி வாதமன்று.

நம்மனைய மாணவர் செய்த பிழைகள் மறைக்கப்படாது எண்ணப்பட்டமையாலன்றோ, உலகினர் ஓர் உண்மையை உணர்ந்தனர்? நம் கல்வியிலும், தோன்றியதை மெய்யெனக் கொள்ளுமுன் சோதித்துக் காண்போமாக. கண்டது நம் கருத்துக்கு மாறாயினும் அதனை மறையாது உரைப்போமாக.