10 மணி நேர கார் பயணம்: கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு எத்தனை மணி வரை தாங்கும்?

பொங்கல், தீபாவளிக்கு சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் கார்களில் துணிப்பைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பையும் கண்டிப்பாக இருக்கும். சென்னையில் இருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 620 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் 10, 11 மணி நேரம். பண்டிகைக்கு முந்தின நாள் என்றால் பரனூர் டோல்கேட்டைத் தாண்டுவதே பெரும்பாடு, ஊர் போய்ச் சேரும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது.

இந்த நேரக் கணக்கில்தான் சிக்கல் இருக்கிறது. காலை 9 மணிக்கு சாப்பிடலாம் என்று கட்டிய சாப்பாட்டை 12 மணிக்குத் திறந்தால், அதே சாப்பாடு வயிற்றைக் கெடுத்துவிடலாம். அதுவும் நெடுஞ்சாலையில், கழிவறையோ மருத்துவமனையோ பக்கத்தில் இல்லாத இடத்தில், குழந்தைக்கோ வயசானவர்களுக்கோ வாந்தி, பேதி ஆரம்பித்தால் பயணமே நரகம்தான்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

பலரும் கார் கிளம்பிய நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் அடுப்பை அணைத்து சாப்பாடு ஆறத் தொடங்கும்போதே கணக்கு ஆரம்பித்துவிடுகிறது. விடிகாலை 4 மணிக்குக் கிளம்பணும் என்று முந்தின ராத்திரி 10 மணிக்கே சாதம் வடித்து, கிளறி, மேடையிலேயே மூடி வைத்துவிட்டால், கார் கிளம்பும்போது அந்தச் சாப்பாட்டுக்கு வயது 6 மணி நேரம்.

உலக சுகாதார நிறுவனத்தின் உணவுப் பாதுகாப்பு அறிவுரைப்படி, சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம்ம ஊரில் மார்கழி மாதத்து காரும் இந்த எல்லைக்குள்தான் இருக்கும். சித்திரை, வைகாசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சாதத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கும். சமைத்தாலும் அவை சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. சாப்பிட்ட 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரலாம். சாதத்தில் வாடை வரவில்லை, அதனால நல்லாத்தான் இருக்கு என்று சொல்வதும் சரியில்லை. வாடை வருவதற்கு முன்பே நச்சு உருவாகியிருக்கலாம்.

அப்போ புளியோதரை?

காலங்காலமாக கட்டுச்சோறு கட்டியவர்களுக்கு பாக்டீரியா பெயர் தெரியாது. ஆனால் புளி, நல்லெண்ணெய், உப்பு என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது சரியானவற்றைத்தான். புளிப்பு கிருமிகள் வளரும் வேகத்தைக் குறைக்கும். சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலில் ஈரமும் குறைவு, அதனால் அது நாள்கணக்கில் தாங்கும். சாதம் அப்படித் தாங்காது. புளி அதன் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும், அவ்வளவுதான்.

அதனால் புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்துவிட்டு, சாதத்தை மட்டும் கிளம்பும் முன் வடிப்பது நல்லது. அகலமான தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் சீக்கிரம் ஆறவிட்டு, கிளறிக் கட்டலாம். சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி தண்ணீராகி உள்ளேயே சொட்டும். அந்த ஈரத்தில்தான் சாப்பாடு நசநசத்துக் கெடுகிறது. இப்படிக் கட்டியதைக் காலைச் சாப்பாடாகவே முடித்துவிட வேண்டும். 5 மணிக்கு தாம்பரம் தாண்டினால் 8, 8.30 வாக்கில் உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு மரநிழல் கிடைக்காமல் போகாது.

தயிர்சாதத்துக்கு ஒரு பழைய யோசனை எல்லா வீட்டிலும் உண்டு. பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால் மதியம் வரை புளிக்காது என்பார்கள். புளிக்காது, சரி. ஆனால் புளிக்காமல் இருப்பதும் கெடாமல் இருப்பதும் ஒன்றில்லை. அதையும் காலையிலேயே காலி பண்ணிவிடுவது நல்லது.

இட்லிக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவி எடுத்துப் போவதுதான் எளிது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போவது அதுதான். தொட்டுக்கொள்ள ஏதாவது வேணும் என்றால் எண்ணெயில் நன்றாக வதக்கிய தக்காளித் தொக்கு இருக்கட்டும். சப்பாத்தி சாதத்தைவிடக் கூடுதல் நேரம் தாங்கும், ஆனால் அதோடு உருளைக்கிழங்கு மசாலாவைக் கட்டினால் அந்த லாபம் போய்விடும்.

ஹாட் பேக்கை நம்பலாமா?

அதிகம் நம்ப வேண்டாம். ஹாட் பேக் சாப்பாட்டை இரண்டு, மூன்று மணி நேரம் சூடாக வைத்திருக்கும். பிறகு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகவே நிற்கும். கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆறிய இட்லியைவிட அரைச்சூட்டில் நான்கு மணி நேரம் கிடந்த இட்லிதான் கவலைக்குரியது.

டிக்கியும் பிரச்சினைதான். செடான் வகைக் கார்களில் ஏசி காற்று டிக்கிக்குப் போகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே இருப்பதைவிட பல டிகிரி கூடிவிடும். அதனால் சாப்பாட்டுப் பை ஆட்கள் உட்காரும் இடத்திலேயே, வெயில் படாமல் கால் பக்கத்தில் இருக்கட்டும்.

மதியத்துக்கு என்ன?

வீட்டில் கட்டிய சாதத்தை மதியம் வரை இழுப்பதைவிட, கூட்டம் இருக்கும் ஹோட்டலில் ஆவி பறக்கப் பறக்க வரும் சாப்பாடு மேல். கூட்டம் இருந்தால் சரக்கு தேங்காது. வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் அரை வயிறு போதும். பிற்பகல் 2 முதல் 4 மணி வரை உடம்பு இயல்பாகவே மந்தமாகும் நேரம். அதற்கு மேல் முழுச்சாப்பாடு, பாயசம் என்று ஏற்றினால் ஸ்டியரிங் பிடித்தபடியே கண் சொக்கும். காபி குடித்தாலும் வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். தூக்கம் வந்துவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணயர்வதுதான் ஒரே வழி. ஓட்டிக்கொண்டே முறுக்கை உடைப்பதும், பக்கத்தில் இருப்பவர் ஊட்டிவிடுவதும் கவனத்தைச் சிதறடிக்கும்.

நெரிசலில் மாட்டும்போது கைகொடுப்பது காய்ந்த பண்டங்கள். முறுக்கு, தட்டை, பொரி, பொட்டுக்கடலை, கடலைமிட்டாய் என எதுவும் ஒரு நாளில் கெடாது. ஆனால் உப்பு கூடினால் தாகம் எடுக்கும், எண்ணெய் கூடினால் குமட்டும். அவித்த வேர்க்கடலை மட்டும் இந்தக் கணக்கில் சேராது, ஈரம் இருப்பதால் அது சமைத்த சாப்பாடு மாதிரிதான். பழம் என்றால் தோலோடு இருக்கும் வாழைப்பழம், கமலா ஆரஞ்சு, வீட்டிலேயே கழுவித் துடைத்த கொய்யா. வெட்டிய பழம் வேண்டாம்.

4, 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை, முந்திரி, கெட்டி மிட்டாய், முழு திராட்சை கொடுப்பது ஆபத்து. குலுங்கும் காரில் தொண்டையில் சிக்கினால், முன்சீட்டில் இருப்பவருக்கு சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறு – வால்பாறையின் 40 வளைவுகள் மாதிரி மலைப்பாதை என்றால் வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு பிஸ்கட், இஞ்சி மரப்பா போதும்.

கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்களும் பெரியவர்களும் நிறைய. அப்படி வந்தால் தலைவலியும் சோர்வும்தான் மிச்சம். ஒரே மூச்சாகக் குடிக்காமல் அப்பப்போ கொஞ்சம் குடித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தலாம். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள் நெரிசலில் சாப்பாடு தள்ளிப்போகும் என்பதை முன்கூட்டியே யோசித்து குளுக்கோஸையோ சர்க்கரையையோ சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினைப் பூட்டிய காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது.

எதில் கட்டுவது?

செய்தித்தாளில் கட்டவே கூடாது. அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் எண்ணெயோடு உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தாளும் வேண்டாம். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருட்களுக்கு தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தணலில் லேசாக வாட்டிய வாழை இலை மடிக்கும்போது கிழியாது. இல்லையென்றால் எவர்சில்வர் டப்பா.

பெரிய சம்புடத்தில் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டுவதைவிட ஆளுக்கொரு பொட்டலம் நல்லது. பாதி தின்று, கை விட்டுக் கலைத்ததை மூடி வைத்து மறுபடி தின்பதுதான் சாப்பாட்டைக் கெடுக்கும் வேலை. முதலில் சாப்பிட வேண்டியது பையில் மேலே, காய்ந்தது கீழே. கரண்டி, சோப்பு, கை கழுவத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், குப்பைக்கு ஒரு பை.

திரும்பி வரும்போதும் இதே கணக்குதான். கோவில்பட்டி கடலைமிட்டாய், சாத்தூர் காராச்சேவு வாங்கி டிக்கியில் போட்டாலும் சென்னை வரை ஒன்றும் ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பால் பண்டம் என்பதால், அது இருக்க வேண்டிய இடம் ஏசி காற்று படும் சீட்டுப் பக்கம்.