கட்டி வெட்டும் வாய்க்கால்!

ஜேடர்பாளையம் படுகை அணை. மீன் வறுவலும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது மாமா மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் மாப்ளே, கட்டியில ஊசி பட்டாப் பரவிருமாமே?"

அத்தைக்கு மார்பில் கட்டி. இந்த ஒரு பயத்தில் மூணு மாசமா டெஸ்ட் தள்ளிப் போகிறது!

நான் வெறும் பி.காம்.தான். ஆனாலும் எதிரே ராஜா வாய்க்கால் இருக்கே! "இதுல தண்ணி நின்னா வேலூர் வெத்திலைக் கொடிக்கால் என்னாகும்?"

"காஞ்சு போகுமுங்."

புற்றுக்கட்டியும் அப்படித்தான். புதுசாக ரத்தக்குழாய் வராவிட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தேறாது. அதனால் 'வி.ஈ.ஜி.எஃப்.' என்கிற வளர்ச்சிக் காரணியை, அதாவது 'வளரு' என்று உத்தரவு போடும் புரதத்தை, கசியவிட்டு அக்கம்பக்கத்து ரத்தக்குழாயைத் தன் பக்கம் கிளைவிட வைக்கும். சரியான திருட்டு மடை! அதே மடை வழியாகச் செல்கள் கிளம்பி எலும்பு, நுரையீரல் என்று போய் இறங்கும்.

1971-ல் அமெரிக்க டாக்டர் ஜூடா ஃபோக்மேன் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 2004-ல், மடையை அடைக்கும் பெவாசிஸுமாப் மருந்துக்கு அங்கே குடல் புற்றுக்காக அனுமதி கிடைத்தது. ஆனால் கட்டி லேசுப்பட்டதா என்ன? ஒன்றை அடைத்தால் இன்னொன்றைத் திறக்கும்.

"அப்ப ஊசி?"

"ஊசியால பரவறது ரொம்ப அபூர்வம் மாமா. நாம தள்ளிப்போடற மாசமெல்லாம் அது வாய்க்கால் வெட்டற மாசம்."

மாமா மீனைப் பாதியில் வைத்தார். "சேலத்துல மெட்ராஸ் ரயில் ராத்திரி எத்தனை மணிக்குங்?"