வாத்துக்களின் பிறந்தகம்

வட அமெரிக்கா என்றதும் வானளாவிய மாளிகைகளே நம் மனக்கண் முன் நிற்கின்றன. ஆனால் கானடாவிலும் ஐக்கிய நாடுகளிலுமாகப் பரந்து கிடக்கும் பிரெய்ரிப் புல்வெளியில் லட்சக்கணக்கான சிறு குட்டைகள் உண்டு. அக்கண்டத்து வாத்துக்களில் பாதிக்கு மேற்பட்டவை பிறப்பது இங்கேதான்.

பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற பள்ளங்கள் இவை. பனி உருகிய ஜலமும் மழையுமே இவற்றை நிரப்புகின்றன. சில குட்டைகள் சில வாரங்களில் வற்றிவிடும். சில, ஆண்டு முழுவதும் நிற்கும்.

சில வாரமே நிற்கும் நீரால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆழமற்ற குட்டையே வசந்தத்தில் முதலில் வெதுவெதுப்பாகிறது. அதில் பெருகும் புழுபூச்சிகளும் நத்தைகளுமே முட்டையிடப் போகும் பேட்டுக்குப் போஷாக்கு. கூடு அமைவதோ சுற்றியுள்ள புல்லில். குஞ்சுகள் வளர்வது நீடித்து நிற்கும் குட்டைகளில். ஆகவே மூன்றும் வேண்டும்.

வறட்சியும் இங்கே தீமையன்று. சேறு வெளிப்பட்டால் புதைந்த விதைகள் முளைக்கும். மக்கிய பொருள்கள் உரமாகும். மீண்டும் நீர் வந்ததும் உணவு பெருகும். ஆண்டுக்கணக்கில் நீர் குறையாவிடில் சம்பும் கோரையும் அழுகிப்போகும். இதனால், மதகு உள்ள இடங்களில் பராமரிப்போர் வேண்டுமென்றே நீரை வடிப்பதுண்டு.

ஆனால் குட்டை, கோதுமை தருவதில்லையே! விவசாயிகள் கால்வாய் வெட்டி அவற்றை வடித்தனர். 1780-களிலிருந்து 1980-கள் வரையில் அயோவா ராஜ்யம் தன் ஈரநிலங்களில் நூற்றுக்கு 89 பங்கை இழந்தது. வட டகோட்டா ஏறக்குறையப் பாதியை இழந்தது. தேங்கி நின்றிருக்க வேண்டிய நீர், உரத்தையும் அள்ளிக்கொண்டு ஆறுகளில் வெள்ளமாய்ப் பாய்கிறது.

1934-இல் கடும் வறட்சியினிடையே, வாத்து வேட்டையாடுவோர் ஒரு டாலர் முத்திரை வாங்கவேண்டுமென்று சட்டம் வந்தது. முதல் முத்திரையை வரைந்தவர், அயோவாவின் பிரசித்தமான கேலிச் சித்திரக்காரர் 'டிங்' டார்லிங். இன்று அதன் விலை 25 டாலர். 1958-இல் சட்டம் திருத்தப்பட்டபின், அந்தப் பணத்தில் சர்க்கார் குட்டைகளையும் வாங்குகிறது. விவசாயிகளோடு ஒப்பந்தமும் செய்துகொள்கிறது. நிலம் விவசாயிக்கே சொந்தம். தானாக வற்றிய காலத்தில் உழலாம், மேய்க்கலாம். வடிக்கவோ தூர்க்கவோ கூடாது. அவருக்குப் பின் வரும் சந்ததியாரையும் இது கட்டுப்படுத்தும்.

1985-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஈரநிலத்தை வடித்துப் பயிர் செய்தால் விவசாய உதவிப்பணத்தை மறுக்கிறது. ஆனால் 2023-இல் ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம், ஆறு ஏரிகளோடு மேற்பரப்பில் இடையறாத் தொடர்புள்ள ஈரநிலங்களுக்கே சுத்த நீர்ச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. குட்டைகளில் பெரும்பாலானவை தனித்து நிற்பவை.

ஆதலால் குட்டையின் ஆயுள் இப்போது பெரிதும் விவசாயியின் கையில் இருக்கிறது. காப்பவருக்கு நஷ்டமில்லாமல் பார்த்துக்கொள்வதே அதைக் காக்கும் வழி என்று நமக்குத் தோன்றுகிறது.