மாறும் காந்தத்தை ஒளியால் காணுதல்

பொம்மையார்பாளையத்துக் கடற்கரையிலிருந்து புறப்படும் ஒரு படகில் திசைகாட்டி இருக்குமாயின், அதன் முள் பூமியின் காந்தத்தை உணர்ந்து வடக்கே திரும்பி நிற்கும். அதே திசைகாட்டியை அவ்வூர் வீடொன்றில் மின்விசிறிக்குச் செல்லும் கம்பியருகே வைத்தாலோ, முள் சிறிதும் அசையாது. மின்சாரம் பாயும் கம்பியைச் சூழ்ந்து காந்தம் எழும் என்பதை 1820-ல் டென்மார்க் தேசத்து ஆர்ஸ்டெட் முள்ளின் அசைவைக் கொண்டே கண்டறிந்தார். ஆயினும் நம் இல்லங்களுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 100 தடவை திசை மாறுவதால், முள் ஒரு பக்கம் சாயுமுன்னரே மறுபக்கம் இழுக்கப்பட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இவ்வாறு மாறும் காந்தத்தைக் கம்பிச்சுருள் ஒன்றால் ஓரிடத்தில் அளக்கலாம். ஆயின், பரப்பு முழுவதையும் சித்திரமாகக் காண்பதற்கு ஒளியே உகந்த உபாயம். 1845-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, காந்தத்தின் அருகே வைத்த கனத்த கண்ணாடியினூடே ஒளியைச் செலுத்தியபோது, அதன் அதிர்வுத் தளம் சற்றே திரும்பக் கண்டார். அத்தத்துவத்தைப் பற்றியே இன்று கார்னெட் படிகத்தின் மெல்லிய ஏட்டை மின்சாதனத்தின்மேல் வைத்து ஒளி பாய்ச்சி, காந்தத்தின் ஏற்றத்தாழ்வை ஒளியும் நிழலுமாகக் காமிராவில் பதிக்கிறார்கள். நெடுநேரம் பதித்தால் எதிரெதிர்த் திசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கட்டத்தில் மட்டும் ஒளியை மின்னச் செய்வர். ஊஞ்சல் ஒரு கோடியைத் தொடும் கணத்தில் மட்டும் கண் திறப்பவனுக்கு அது அசையாது நிற்பதாகத் தோன்றுமன்றோ!

இதனினும் சூட்சுமமான வழி வைரத்தில் இருக்கிறது. கரி அணுவொன்றின் ஸ்தானத்தில் நைட்ரஜன் அணு அமர்ந்து, அதனருகே ஓரிடம் வெறுமையாயிருந்தால், அந்தக் குறை பச்சை ஒளியை ஏற்றுச் சிவப்பொளியை உமிழும். நுண்ணலையையும் உடன் செலுத்தினால், சுற்றியுள்ள காந்தத்துக்கேற்ப அச்சிவப்பின் பிரகாசம் மாறும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கஸ்தூரி சாஹா தலைமையிலான குழுவினர் இத்துறையில் உழைத்து வருகின்றனர். 2024-ல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம், மின்சில்லுகளின் உட்பழுதைக் காட்டும் வைரக்கருவியை உருவாக்க அவர்களோடு கைகோத்தது. சில்லை உடைக்காமலே அதனுள் மின்சாரம் செல்லும் வழியையும் தடைபடும் இடத்தையும் அறிவது இம்முயற்சியின் பயன்.

இப்பயன் பெரிய ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிடலாகாது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலாளி, சுருளின் கருகலையும் மோட்டாரின் ஓசையையும் கொண்டே பழுதை அனுமானிக்கிறார். அவருடைய அனுபவ ஞானத்துக்குத் துணையாக இத்தகைய கருவி எளிய விலையில் அவர் கைக்கும் கிட்டுமாறு நம் விஞ்ஞானிகள் முயல வேண்டும். அம்முயற்சி கைகூடும்போதுதான் இவ்வித்தை பொதுஜனங்களின் சொத்தாகும்.