நிறுவனம் வளர்த்த மலையூர்கள்: லவ்டேல், அருவங்காடு, இந்து நகர்

முன்னுரை

நீலகிரியின் ஊர்ப்பெயர்கள் அங்கு வாழ்ந்த மக்களின் வரலாற்றை அடுக்கடுக்காகக் காட்டுவன. தோடர் குடியிருப்பு மந்து எனவும், கோத்தர் குடியிருப்பு கோக்கால் எனவும், படகர் ஊர் ஹட்டி எனவும் வழங்கும். உதகமண்டலம் என்னும் பெயருள்ளும் மந்து என்னும் சொல் பொதிந்துள்ளது. இவற்றின்மேல் ஆங்கிலேயர் காலப் பெயர்களும், விடுதலைக்குப் பின் தோன்றிய ‘நகர்’களும் படிந்தன. இப்பிற்கால அடுக்கைச் சார்ந்த ஊர்களுள் சில, ஒரே நிறுவனத்தை நம்பி வளர்ந்தவை. அத்தகைய மூன்று ஊர்களை ஒப்பிட்டு, நிறுவனம் மறையும்போது ஊர் என்னவாகிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் தொழிலும்: இலக்கண மரபு

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருளைப் பதினான்காக வகுக்கிறது. ஊர், நீர், தொழில் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். நிலமாகிய முதற்பொருளிலிருந்து இம்மூன்றும் தோன்றுகின்றன என்பதே அவ்வகுப்பின் அடிப்படை. ஊரும் தொழிலும் நிலத்தின் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றை ஈன்றதில்லை. மந்துக்கும் ஹட்டிக்கும் இது பெரிதும் பொருந்தும். தோடரின் எருமை வளர்ப்பும் படகரின் வேளாண்மையும் மலையின் புல்வெளியையும் மண்ணையும் சார்ந்தவை. அங்கு ஒருவர் ஊரைச் சேர்ந்தவராவது பிறப்பாலும் உறவாலுமே ஆகும். நிறுவன ஊர்களில் இம்முறை தலைகீழாகிறது. தொழில் வெளியிலிருந்து வருகிறது. அத்தொழில் ஊரைப் படைக்கிறது. பணி ஆணையே ஒருவரை ஊராராக்குகிறது.

லவ்டேலும் அருவங்காடும்

சிப்பாய்ப் புரட்சியின்போது 1857இல் இலக்னோவில் இறந்த சர் ஹென்றி லாரன்சின் நினைவாக, ஆங்கிலப் படைவீரர்தம் பிள்ளைகளுக்கென 1858இல் உதகையில் ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது லவ்டேலுக்கு இடம்பெயர்ந்தது. மலை இரயில்பாதை 1908இல் உதகையை எட்டியபோது, கேத்திக்கும் உதகைக்கும் இடைப்பட்ட நிலையமாக லவ்டேல் அமைந்தது. படைவீரர் பிள்ளைகளுக்கான காப்பகம், விடுதலைக்குப் பின் இந்திய மாணவர்க்குரிய உறைவிடப் பள்ளியாக மாறியது. நிறுவனத்தின் நோக்கம் மாறினும் நிறுவனம் நிலைத்தது. அதனைச் சார்ந்த ஊரும் நிலைத்தது.

அதே இரயில்பாதையில் உள்ள அருவங்காட்டில் 1903இல் வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காட்டேரி அருவியின் நீர் அதற்கு மின்னாற்றல் அளித்தது. இந்தியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களுள் ஒன்றாக அது குறிக்கப்படுகிறது. இங்கு நீராகிய கருப்பொருள் தொழிலுக்கு ஆற்றலாயிற்று. ஆயினும் அத்தொழிலின் தேவையைத் தீர்மானித்தது படைத்துறையே. அரசின் தேவை தொடர்ந்ததால் ஊரும் தொடர்ந்தது.

இந்து நகர்: தோற்றமும் தேய்வும்

மூன்றாவது ஊரின் வரலாறு வேறு. நடுவண் அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960இல் பதிவு செய்யப்பட்டது. பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன், உதகை - கூடலூர் சாலையில் அமைந்த ஆலையில் 1967இல் உற்பத்தி தொடங்கியது. பிலிம் செய்ய வெள்ளி உப்புக் கலந்த ஊன்பசையை மென்தாளின்மீது சீராகப் பூச வேண்டும். ஒரு தூசு பட்டாலும் படச்சுருள் பழுதாகும். குளிர்ந்த, தூசற்ற காற்றும் தூய நீரும் இதற்கு இன்றியமையாதவை. எனவே நிலத்தின் இயல்பே இவ்வாலையை மலைக்கு ஈர்த்தது எனலாம்.

கறுப்பு வெள்ளைப் படச்சுருள், ஒளிப்படத்தாள், எக்ஸ்ரே பிலிம் முதலியவை ‘இந்து’ என்னும் வணிகப்பெயரில் வெளிவந்தன. ஊழியர் குடியிருப்பும் அப்பெயரையே தாங்கி இந்து நகர் ஆயிற்று. ‘இந்து’ என்பதற்கு நிகண்டு தரும் பொருள் திங்கள்; இன்றைய பொதுவழக்கில் அது சமயத்தைக் குறிக்கும்; உதகை மக்களுக்கோ அது பிலிம் ஆலையின் பெயர். ஒரு சொல் ஓர் ஊரின் அளவில் தனிப்பொருள் பெற்றமைக்கு இது சான்றாகும்.

ஒளிபடாத அறைகளில் தொழில் நிகழ்ந்தமையால், கண்ணைவிடக் கையும் குரலுமே பலருக்கு வழிகாட்டின. முறைப்பணி நேரமே குடும்பங்களின் நாள்முறையை வகுத்தது. மலைவாழ் மக்களும் சமவெளியினரும் அருகருகே வாழ்ந்த இக்குடியிருப்பில் அண்டை என்பது குலத்தால் அமையாமல் பணியால் அமைந்தது. ஹட்டியில் காணவியலாத சமூக அமைப்பு இது.

வண்ணப் படச்சுருளின் பரவலும், 1991க்குப் பிந்தைய இறக்குமதித் தளர்வும், இறுதியில் எண்மப் படக்கருவியும் ஆலையின் சந்தையைக் குலைத்தன. 1996இல் அது நலிந்த நிறுவனமென அறிவிக்கப்பட்டது. 2003இல் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியம் நிறுவனத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. 2014இல் எஞ்சிய ஊழியர்க்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை நடுவண் அமைச்சரவைக் குழு ஏற்றது. நலிவு அறிவிப்புக்கும் இம்முடிவுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். ஆலை இயங்கும் என்ற நம்பிக்கையும் மூடப்படும் என்ற அச்சமும் ஒருங்கே நிலவிய இக்காலத்தில் ஒரு தலைமுறை அங்கு வளர்ந்தது.

மூவூர் ஒப்பீடு

காற்றும் நீரும் குளிரும் இந்து நகரில் மாறவில்லை. மாறியது தொலைவிலிருந்த சந்தை. நிலம் தொழிலை ஈர்க்கலாம், ஆனால் அதனைக் காக்க இயலாது என்பதை இவ்வூர் உணர்த்துகிறது. லவ்டேல் பள்ளி தன் பணியை மாற்றிக்கொண்டது. அருவங்காட்டுக்கு அரசே வாங்குநராக நின்றது. பிலிம் ஆலைக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. ஹட்டியில் விளைச்சல் பொய்த்தாலும் ஊரார் ஊராரே. நிறுவனக் குடியிருப்பில் பணி முடியும் நாளிலேயே வீட்டின் மீதான உரிமையும் முடிகிறது. அங்குப் பிறந்து வளர்ந்தோர்க்கு அது சொந்த ஊர். ஆவணத்திலோ அது தந்தையின் பணியிடம்.

முடிவுரை

நீலகிரி குறித்த ஆய்வுகள் பெரிதும் பழங்குடிகளையும் தேயிலைத் தோட்டங்களையும் சார்ந்தே நிகழ்ந்துள்ளன. ஆலைக் குடியிருப்புகள் நாட்டார் வழக்காற்றியலின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. இருட்டறைப் பணியின் கலைச்சொற்கள், பன்மொழி அண்டையரிடையே வழங்கிய உறவுமுறைச் சொற்கள், குடியிருப்பில் நிகழ்ந்த விழாக்கள் ஆகியவை ஊழியர்தம் நினைவிலேயே உள்ளன. 1967இல் இருபது வயதில் பணியில் சேர்ந்தோர் இன்று எண்பதை ஒட்டியோ கடந்தோ உள்ளனர். ஆகவே இந்து நகரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் களப்பணி காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்கது.